மலைப்பாதை மோட்டார் சைக்கிள்களும் சூடேறும் ரெகுலேட்டர்களும்

வத்தேகமவைக் கடந்து பன்விலவுக்கும், அங்கிருந்து ஹுலுகங்க, மடுல்கலை என்று நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரம் வரைக்கும் செல்லும் பாதைகளில் மோட்டார் சைக்கிளை எவரும் ஆடம்பரப் பொருளாகக் கருதுவதில்லை. பஸ் வராத தோட்டப் பிரிவுகளுக்கு ஆசிரியர் செல்வதும், கடிதங்கள் செல்வதும், நள்ளிரவில் காய்ச்சல் கண்ட பிள்ளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படுவதும், சுபஹ் தொழுகையை முடித்துக்கொண்டு சிறு வியாபாரி கண்டிக்குப் புறப்படுவதும் இந்த இரண்டு சக்கரங்களின் மீதுதான். அது வழியில் நின்றுவிட்டால் ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பும் நின்றுவிடுகின்றது.

அவ்வாறு நின்றுபோன சைக்கிள்களைப் பற்றி விசாரித்தால், எஞ்சின் பழுது என்று கேள்விப்படுவதிலும் பார்க்க 'ரெகுலேட்டர் எரிந்துவிட்டது' என்று கேள்விப்படுவதே அதிகமாக இருக்கின்றது. கடந்த மழைக்காலத்தில் பன்விலவில் ஒரு சிறிய கராஜில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது நாமும் அதனைக் கேட்டோம். கடைகளுக்குப் பொருட்கள் விநியோகிக்கும் தோட்டத்து இளைஞர் ஒருவர் தமது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். "இது மூணாவது சேர். போட்டு ஒன்றரை மாசங்கூட ஆகல. கை வைக்க முடியாத சூடு" என்றார். கராஜ் பாஸோ, "இப்ப வாற சாமான் ஒண்டும் சரியில்ல தம்பி" என்று கூறிவிட்டு நான்காவதை எடுப்பதற்கு அலுமாரியைத் திறந்தார்.

பொருள் தரமற்றதாக இருக்கலாம். ஆனால் ஒரே சைக்கிளில் மூன்று பொருட்கள் அடுத்தடுத்துத் தரமற்றவையாக அமைவது அரிது. சூடேறுவதற்கும் பழுதடைவதற்கும் இடையிலான வேறுபாட்டை விளங்கிக் கொள்ளாமையால் எமது மக்கள் செலவிடும் பணம் சிறிதன்று என்பதாலேயே இந்த விடயத்தைச் சற்று விரிவாக எழுத விரும்புகின்றோம்.

கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசைந்தால் சுருளில் மின் பிறக்கும் என்பதை மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டில் நிறுவினார். மோட்டார் சைக்கிளின் மின்னேற்றத் தொகுதி இன்றைக்கும் அந்த விதியின் மீதே இயங்குகின்றது. எஞ்சினின் சுழலும் தண்டில் பொருத்தப்பட்ட காந்தச் சில்லு, அசையாது நிற்கும் செப்புக் கம்பிச் சுருளைச் சுற்றி ஓடுகின்றது. நமது கராஜ்களில் 'மெக்னட் கொயில்' என்று அழைக்கப்படுவது இந்தச் சுருளைத்தான். இதிலிருந்து வருவது ஆடலோட்டம். எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழல இதன் வோல்ற்றளவும் ஏறிக்கொண்டே செல்லும். மின்கலத்துக்கோ நேரோட்டம் வேண்டும். அதுவும் 14 வோல்ற்றை ஒட்டிய அளவிலேயே வேண்டும். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குவது, அளவுக்கு மிஞ்சியதைத் தடுப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்யும் அலுமினியப் பெட்டிதான் ரெகுலேட்டர்.

பழைய 6 வோல்ற் ஹொண்டா சைக்கிள்களை ஓட்டிய மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்: அவற்றுட் பலவற்றில் இந்தப் பெட்டி இருக்கவில்லை. சீராக்கி ஒன்று மாத்திரமே இருந்தது. மிஞ்சிய மின்னை மின்கலமும் விளக்குகளும் தம் தலையில் ஏற்றுக்கொண்டன. இரவில் எஞ்சினை முறுக்கினால் பல்ப் எரிந்துபோவது அக்காலத்தில் வழமையான சங்கதி.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். மோட்டார் காரில் மின் பிறப்பாக்கியின் காந்தம் மின்காந்தமாகும். மின் அதிகமானால் அந்தக் காந்தத்துக்குச் செல்லும் ஓட்டத்தைக் குறைத்துவிட்டால் போதும், உற்பத்தியே குறைந்துவிடும். சாதாரண மோட்டார் சைக்கிளில் இருப்பதோ நிரந்தரக் காந்தம். அதனை அணைக்க முடியாது. எஞ்சின் ஓடும் வரை மின் வந்துகொண்டே இருக்கும். தோட்டங்களில் மலையூற்றிலிருந்து குழாய் மூலம் தொட்டிக்கு நீர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டி நிரம்பினாலும் ஊற்று நிற்பதில்லை. மிகுதி நீர் வழிந்து கானில் ஓடுகின்றது. நமது சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் உள்ள ரெகுலேட்டரும் இதையே செய்கின்றது. மின்கலம் நிறைந்ததும், மிஞ்சிய மின்னோட்டத்தைக் குறுஞ்சுற்றாக்கிக் கொயிலுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றது. அவ்வாறு திருப்பி அனுப்பும் வேலைதான் சூட்டின் பிறப்பிடம்.

கணக்கு எளிமையானது. சிறிய சைக்கிள் ஒன்றின் கொயிலில் 8 அம்பியர் ஓடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் இருக்கும் டயோட் முதலிய சிலிக்கன் உறுப்புகள் இரண்டினூடாக அந்த ஓட்டம் செல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1 வோல்ற் இழக்கப்படுகின்றது. 8 அம்பியரை 2 வோல்ற்றால் பெருக்கினால் 16 வாற்று. உள்ளங்கையளவான ஒரு பெட்டிக்குள், ஓடும் நேரமெல்லாம் 16 வாற்று வெப்பம் பிறந்துகொண்டிருக்கின்றது. பெட்டியின் முதுகில் வரிவரியாகத் தகடுகள் இருப்பது அழகுக்காக அன்று. அந்த வெப்பத்தைக் காற்றில் கலந்துவிடுவதற்காகும்.

மனிதக் கை சுமார் 60 பாகை செல்சியசுக்கு மேல் சூட்டைப் பொறுத்துக்கொள்ளாது. உள்ளே இருக்கும் சிலிக்கனோ 100 பாகையைத் தாண்டியும் வேலை செய்யக் கூடியது. ஆகவே, கை வைக்க முடியவில்லை என்பது மட்டும் ரெகுலேட்டர் பழுது என்பதற்குச் சான்றாகாது. நல்ல நிலையில் உள்ள ரெகுலேட்டரும் சுடத்தான் செய்யும். இதனை அறியாது நல்ல பொருளைக் கழற்றி எறிந்தவர்கள் பலர்.

முன்விளக்கை அணைத்துவிட்டால் ரெகுலேட்டருக்கு ஓய்வு கிடைக்கும் என்று சிலர் நம்புகின்றனர். எல்.ஈ.டி. பல்ப் போட்டால் சூடு குறையும் என்று விற்பனையாளர் சொல்வதையும் கேட்கின்றோம். மேற்சொன்ன வகை ரெகுலேட்டரில் இரண்டும் நடப்பதில்லை. விளக்கு குடிக்காத மின்னோட்டம் வேறெங்கும் மறைந்து போகாது. அது வழிந்தோடும் பாதையில் திரும்பி, அதே பெட்டியினூடாகவே செல்கின்றது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போது முன்விளக்கும் எரிய வேண்டும் என்பது விதியானது. அங்கிருந்து வரும் சைக்கிள்களில் விளக்கை அணைக்கும் ஆளி இல்லாததைக் கண்டு, அதுதான் ரெகுலேட்டரை எரிக்கின்றது என்று நமது பாஸ்மார் சிலர் குறைகூறுவது நியாயமற்றது.

அப்படியானால் மலைநாட்டில் இந்தத் தொல்லை ஏன் கூடுதலாகப் பேசப்படுகின்றது? பாதையே அதற்குரிய பதிலைச் சொல்லிவிடும். பன்விலவிலிருந்து மேலே ஏறும்போது சைக்கிள் முதலாம், இரண்டாம் கியரில் செல்கின்றது. பின்னால் ஓர் ஆள், முன்னால் ஒரு மரக்கறி மூடை. எஞ்சின் வேகமாகச் சுழல்கின்றது; கொயில் தன்னால் இயன்ற முழு ஓட்டத்தையும் கொடுக்கின்றது. வண்டியின் வேகமோ மணிக்கு 15 அல்லது 20 கிலோமீற்றர்தான். தகடுகளைத் தழுவிச் செல்லக் காற்று இல்லை. கொழும்புப் பாதையில் 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் அதே சைக்கிளுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி இங்கு கிடைப்பதில்லை. போதாததற்குத் தகடுகளின் இடைவெளியில் செம்மண் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். மழையில் நனையக் கூடாதென்று ரெகுலேட்டரைப் பொலித்தீன் உறையால் சுற்றிக் கட்டியிருந்ததையும் நாம் கண்டிருக்கின்றோம்! மூச்சு முட்டியவனுக்குப் போர்வை போர்த்திய கதைதான்.

வெப்பம் பிறப்பதைவிட அது வெளியேற வழியில்லாமற் போவதே ஆபத்து என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. 2011ஆம் ஆண்டில் சுசுக்கி நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களை ரெகுலேட்டர் குறைபாட்டுக்காகத் திருப்பி அழைத்தது. உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை, வெப்பத்தை வெளியேற்றும் உலோக உறையுடன் சரிவர ஒட்டியிருக்கவில்லை. வெப்பம் உறைக்குச் சென்று சேராமையால் பலகை உருக்குலைந்து, மின்கலம் மின்னேற்றம் பெறாது போகும் அபாயம் ஏற்பட்டது. பெரிய எஞ்சின்களைக் கொண்ட விலையுயர்ந்த சைக்கிள்களுக்கே இந்த நிலை என்றால், நமது 100, 125 சீசீ சைக்கிள்களில் சேறு அப்பிய ஒரு பெட்டியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் பன்வில இளைஞரின் சைக்கிளில் குற்றவாளி வேறொன்று. நான்காவது ரெகுலேட்டரைப் பொருத்த முன்னர், வயர்கள் வந்து சேரும் கப்ளரைக் காட்டுமாறு கேட்டோம். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பிளாஸ்ரிக், பழுப்பு நிறமாகி ஒரு மூலையில் உருகியிருந்தது. உள்ளே இருந்த பித்தளை முனைகளில் ஒன்று கறுத்துப் பச்சை பூத்திருந்தது. பழைய ரெகுலேட்டர் மூன்றும் இதே கப்ளரில்தான் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டப்பட்டன.

மின்னோட்டம் தடையினூடாகச் செல்லும்போது பிறக்கும் வெப்பம், ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் தடைக்கும் விகிதசமனானது என்பதை ஜேம்ஸ் பிரெஸ்கொட் ஜூல் 1841இல் வெளியிட்டார். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் இதனை மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தக் கறுத்த முனையில் 0.2 ஓம் தடை உண்டாகியிருந்தால் போதும். எட்டின் வர்க்கம் 64, அதனை 0.2 ஆல் பெருக்கினால் 12.8 வாற்று. தகடுகளுடன் கூடிய அலுமினியப் பெட்டி முழுவதிலும் பிறக்கும் 16 வாற்றுக்குச் சற்றுக் குறைந்த வெப்பம், பெருவிரல் நகமளவான ஒரு முனையில் பிறக்கின்றது. தகடும் இல்லை, காற்றும் இல்லை. பிளாஸ்ரிக் உருகாமல் என்ன செய்யும்? சூட்டினால் முனை மேலும் கறுக்கின்றது. கறுத்ததால் தடை கூடுகின்றது. தடை கூடியதால் சூடு இன்னும் கூடுகின்றது. அந்தச் சூடு வயரின் செம்பு வழியாகவே ரெகுலேட்டரின் வயிற்றுக்குள்ளும் செல்கின்றது.

இதனால் ஏற்படும் இன்னொரு கெடுதியும் உண்டு. 8 அம்பியர் 0.2 ஓமைக் கடக்கும்போது 1.6 வோல்ற் வழியிலேயே இழக்கப்படுகின்றது. ரெகுலேட்டர் 14.2 வோல்ற் கொடுத்தாலும் மின்கலத்தை அடைவது 12.6 மாத்திரமே. அதைக்கொண்டு மின்கலம் ஒருபோதும் நிறையாது. சில மாதிரிகளில் வோல்ற்றளவை உணர்வதற்கென்றே தனியாக ஒரு மெல்லிய வயர் உண்டு. அதன் இணைப்பு கெட்டால் ரெகுலேட்டர் ஏமாந்துபோய் அளவுக்கு மிஞ்சி மின்னேற்ற, மின்கலத்தின் நீர் கொதித்து வற்றிவிடும். 'பெற்றரியும் போய்விட்டது' என்று அடுத்த செலவு தொடங்குவது இப்படித்தான்.

எர்த் வயரை எவரும் கவனிப்பதில்லை. சட்டகத்தில் துருவேறிய ஓர் ஆணியின் கீழ், வர்ணப்பூச்சின் மீது முறுக்கப்பட்டிருக்கும் அந்தக் கறுப்பு அல்லது பச்சை வயரினூடாகவும் அதே 8 அம்பியர் திரும்பியாக வேண்டும்.

மெக்னட் கொயிலின் நிலையும் இதனுடன் சேர்ந்ததே. செப்புக் கம்பியின் மேல் பூசப்பட்டிருக்கும் காப்புப் பூச்சு, வெப்பத்தால் மெல்ல மெல்ல வறண்டு நொறுங்குகின்றது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின் பொறியியலாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் மதிப்பீடு. எஞ்சினின் பக்க மூடியைத் திறந்து பார்க்கும்போது சில சுற்றுகள் தேன் நிறத்திலும் சில கரி நிறத்திலும் காணப்பட்டால், அந்தக் கொயில் தன் காலத்தை முடித்துக் கொண்டிருக்கின்றது என்று கொள்ளலாம். எஞ்சின் ஒயில் வற்றிய நிலையில் ஓடும் சைக்கிள்களில், ஒயிலில் நனைந்து குளிர வேண்டிய கொயில்கள் விரைவில் இந்த நிலையை அடைகின்றன.

இவையெல்லாவற்றையும் கண்டறிய பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ரெகுலேட்டர் ஒன்றின் விலையிலும் குறைவான சாதாரண மல்டிமீற்றர் போதும். எஞ்சின் நிற்கும்போது நிறைந்த மின்கலம் 12.6 வோல்ற்றுக்குக் குறையாது காட்ட வேண்டும். எஞ்சினைச் சற்று முறுக்கியபடி மின்கல முனைகளில் அளந்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை, குறிப்பாக அதன் உணரும் வயரையும் எர்த்தையும், சந்தேகிக்கலாம். 13க்கு மேல் ஏறவே இல்லையாயின் உடனே ரெகுலேட்டரைக் கழற்றக் கூடாது. கொயிலின் கப்ளரைப் பிரித்து ஆடலோட்டத்தை அளக்க வேண்டும். மூன்று மஞ்சள் வயர்கள் உள்ளவற்றில் எந்த இரண்டிற்கிடையிலும் ஒரே அளவு வர வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, கொயில் வயருக்கும் சட்டகத்துக்கும் இடையில் தொடர்பு இருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் கொயில் போய்விட்டது.

நமது கராஜ்களில் அநேகமாகச் செய்யப்படாத சோதனை ஒன்று எஞ்சியிருக்கின்றது. எல்லாவற்றையும் மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, மீற்றரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் சிவப்பு வயர் வெளியேறும் இடத்திலும் மறுமுனையை மின்கலத்தின் நேர் முனையிலும் வைத்துப் பாருங்கள். ஒரே வயரின் இரண்டு அந்தங்கள்தானே, ஒன்றும் காட்டக் கூடாது. 0.2, 0.3 என்றால் பரவாயில்லை. 1 வோல்ற் காட்டினால் அந்த வழியில் எங்கோ பணம் எரிந்துகொண்டிருக்கின்றது. எர்த் பக்கத்திலும் இவ்வாறே ரெகுலேட்டரின் உடலுக்கும் மின்கலத்தின் மறை முனைக்கும் இடையில் பார்க்க வேண்டும். மொத்தமாக ஐந்து நிமிட வேலை.

எஞ்சின் ஓடும்போது மின்கலத்தைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டொழிக்க வேண்டும். ஓட்டத்தைத் தாங்கி நிற்கும் மின்கலம் திடீரென்று விலகினால் வோல்ற்றளவு துள்ளியெழுந்து ரெகுலேட்டரையும், புதிய சைக்கிள்களில் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் இலத்திரனியல் பெட்டியையும் சேர்த்தே கொன்றுவிடும். எரிந்துபோன பியூசுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதோ அதைவிட மோசமானது. பெற்றோல் தாங்கியிலிருந்து சில அங்குலத் தொலைவில் வயர்கள் பழுக்கக் காயும்போது இழக்கப்படக் கூடியது சைக்கிள் மட்டுமல்ல.

இன்று இந்த விடயம் முன்னரைவிட முக்கியமாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், 2022இன் பொருளாதார நெருக்கடி உட்பட, இருந்த சைக்கிள்களையே மக்கள் ஒட்டியும் தைத்தும் ஓட்டினர். வயர்களுக்கும் கப்ளர்களுக்கும் அதனால் வயதேறிவிட்டது. அதன் பின்னர் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. வெள்ளத்திலும் சேற்றிலும் அகப்பட்ட சைக்கிளைக் கழுவி ஓட்டத் தொடங்கியவர்கள் பலரும், கப்ளருக்குள் புகுந்த நீர் மாதங்கள் கழிந்தே பச்சை பூக்கும் என்பதை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். அத்தகைய சைக்கிள் உங்களிடம் இருந்தால் ஒருமுறையேனும் கப்ளர்களைப் பிரித்துத் துடைத்துப் பாருங்கள்.

போலிப் பொருட்களும் சந்தையில் இல்லாமல் இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால் பாரம் குறைவாக இருக்கும். பின்புறம் பிசின் முழுமையாக நிரப்பப்பட்டிருக்காது. வயர்கள் மெல்லியவையாக இருக்கும். பற்றுச்சீட்டுக் கேட்டுப் பெற்றுக்கொண்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவதற்காவது கையில் ஒரு தாள் இருக்கும். வசதியுள்ளவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ஜப்பானின் சின்டென்கென் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் தொடர்நிலை வகை ரெகுலேட்டர்கள் மிகுதி மின்னை வழியவிடாமல் பாதையைத் திறந்துவிடுகின்றன. ஓட்டமே குறைவதால் கொயிலும் குளிர்ச்சியாக இருக்கின்றது. ஆனால் அவை பெரிய சைக்கிள்களுக்கென உருவானவை, விலையும் அதிகம். 100 சீசீ சைக்கிளுக்கு அதனைத் தேடி அலைவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். சேற்றைக் கழுவி, பெட்டியை உலோகச் சட்டகத்துடன் இறுக்கமாகப் பொருத்தி, காற்றுப் படும்படி வைத்தாலே இங்கு போதுமானது.

பன்வில கராஜில் அன்று உருகிய கப்ளர் வெட்டி அகற்றப்பட்டது. வயர்களின் கறுத்த பகுதி நறுக்கப்பட்டு, புதிய முனைகள் அழுத்திப் பொருத்தப்பட்டன. எர்த் வயரின் கீழிருந்த வர்ணம் சுரண்டப்பட்டது. பக்கத்து மின்சாதனக் கடையிலிருந்து மீற்றர் ஒன்றை இரவல் வாங்கி வந்தார் பாஸ். புதிய ரெகுலேட்டரைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னர், கழற்றிய மூன்றாவதையே மாட்டிப் பார்க்கலாம் என்றார் அவரே. எஞ்சினை முறுக்கியதும் மீற்றர் 14.2 காட்டியது. முதலில் கழற்றி எறியப்பட்டது உண்மையில் எரிந்தே போயிருந்தது. இரண்டாவதோ மாட்டியவுடன் அதே 14.2ஐக் காட்டியது. இளைஞர் அந்த இரண்டாவதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி ஆசனத்தின் கீழ் வைத்துக்கொண்டு, மழை முற்றாக விடுவதற்கு முன்னரே மடுல்கலைப் பக்கமாகப் புறப்பட்டார். நான்காவது ரெகுலேட்டர் அலுமாரிக்கே திரும்பிச் சென்றது.